வெற்றிலையில் மடித்து வந்த புழு

என் மேசைக் கண்ணாடியின் இடது ஓரத்தில் வட்டமாக ஒரு தடம் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு புட்டி வருடக்கணக்காக உட்கார்ந்திருந்த இடம். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன், ஸ்பிரிட் ஊற்றித் தேய்த்துப் பார்த்தேன், போகமாட்டேன் என்கிறது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது என் கிளினிக். அங்கே நாயோடு வந்தவர்கள் யாரும் அந்தப் புட்டியைப் பார்க்காமல் திரும்பியதில்லை. பார்மலினுக்குள் ஐந்து புழுக்கள். இரண்டு விரற்கடை நீளம், வெளிறிய நிறம், லேசாக வளைந்து கிடக்கும். நாய் வாந்தி எடுக்கிறது என்று யார் வந்தாலும் அதைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, இது எல்லாரும் சொல்கிற குடல்புழு இல்லை, இரைப்பைப் புழு, கரப்பானையும் வண்டையும் பிடித்துத் தின்கிற நாய்க்கு வருவது, மலத்தைப் பரிசோதித்தால் பெரும்பாலும் சிக்காது என்று ஆரம்பித்துவிடுவேன். கேட்பவர் முகத்தில் மரியாதை ஏறும். இந்தப் புழுக்கள் எந்த நாயின் வயிற்றிலிருந்து வந்தவை என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லியிருப்பேன். அது எனக்கு நன்றாக வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது அது. சோழவந்தானைத் தாண்டி, வெற்றிலைக் கொடிக்கால்கள் சூழ்ந்த ஒரு ஊரில் அரசுக் கால்நடை மருந்தகம். ஊர்வாயில் அது மாட்டாஸ்பத்திரி. ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே இன்னும் என்னை நல்ல டாக்டர் என்று நினைக்கிறவர்கள் நாலு பேராவது இருக்கலாம், அதையும் கெடுத்துக்கொள்வானேன். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கல்லூரியில் ஒட்டுண்ணிகள் பாடத்தில் முதலாவதாக வந்தவன் என்ற திமிர் மண்டைக்குள் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு போவேன், சாணியில் வைக்கப்போகிற காலுக்கு. வயதில் மூத்தவர்களைக்கூட வாப்பா, போப்பா என்றுதான் கூப்பிடுவேன். அப்படிக் கூப்பிட்டால்தான் டாக்டர் என்று மதிப்பார்கள் என்று எந்த மடையனோ எனக்குச் சொல்லியிருந்தான், நானும் நம்பியிருந்தேன்.

அவரைக் கொடிக்கால்காரர் என்றே இங்கே சொல்கிறேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு. வெற்றிலைக் காம்பு கிள்ளிக் கிள்ளி விரல்நுனியெல்லாம் கறுத்துப்போயிருக்கும். முதல் தடவை ஒரு செவலை நாயைத் தாம்புக்கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தார். மாடும் ஆடும் நிற்கிற வரிசையில் நாயோடு நிற்பதே அவருக்குக் கூச்சமாக இருந்தது போல. எல்லாருக்கும் வழிவிட்டுக் கடைசியாகத்தான் உள்ளே வந்தார். மனைவிக்குப் பிறந்த ஊர் பரவை, அங்கிருந்து அவள் மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்த குட்டி, வீட்டில் மகளுக்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது என்று, நான் கேட்காமலே சொன்னார். தின்கிறது, தின்று அரைமணி நேரத்தில் கக்கிவிடுகிறது, சில நாள் சும்மாவும் இருக்கிறது, மலம் கறுப்பாகப் போகிறது. இத்தனையும் அவர் வரிசையாகச் சொன்னபோது நான் பாதிதான் கேட்டேன். எடையைக் கண்ணால் மதித்து ஒரு பூச்சி மாத்திரையைக் கொடுத்து அனுப்பினேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் நாய் நன்றாக இருந்திருக்கிறது. பிறகு மறுபடியும் வாந்தி. அந்த இரண்டாவது தடவைதான் அவர் வெற்றிலையோடு வந்தார். நல்ல அகலமான வெற்றிலை. அதைக் கூம்பாக மடித்து வாயை மூடி, ஈர்க்குச்சியால் குத்தியிருந்தார். கோயில் பிரசாதத்தை நீட்டுவதுபோல இரண்டு கையாலும் என் முன்னால் நீட்டினார்.

"வாந்தில கெடந்துச்சு சார். காஞ்சு போயிரக் கூடாதுன்னு வெத்தலைல தண்ணி தெளிச்சு வச்சுக் கொண்டாந்தேன். உசுரோட நெளிஞ்சுச்சு."

இன்று என்னிடம் ஒருவர் அப்படிக் கொண்டுவந்தால் எழுந்து நின்று வாங்குவேன். எந்த ஆய்வகத்துக்கும் இதைவிட ஒழுங்காக மாதிரி வந்து சேராது. அன்று நான் அந்த மடிப்பைப் பிரிக்கவேயில்லை. இடுக்கியால் அதன் காம்பைப் பிடித்துத் தூக்கி, சாணியும் பஞ்சும் கிடந்த வாளிக்குள் போட்டேன். கொடிக்காலில் மண்புழுவுக்கா பஞ்சம், நாய் அதைத் தின்றுவிட்டுக் கக்கியிருக்கும், எனக்கு வேண்டியது மலம், குப்பை இல்லை என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் வாளியை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். அப்புறம் நாயோடு வெளியே போய், அரைமணி நேரம் காத்திருந்து, நான் கேட்டதைக் கொண்டுவந்தார்.

உப்புக் கரைசலில் கலக்கி, மேலே கண்ணாடிச் சில்லை வைத்து, மிதந்து வந்து ஒட்டும் முட்டைகளை மைக்ராஸ்கோப்பில் தேடும் முறைதான் எங்களுக்குப் பழக்கம். தேடினேன். ஒரு முட்டைகூட இல்லை. இரைப்பைப் புழுவின் முட்டை கனமானது, உப்புக் கரைசலில் சரியாக மிதக்காது, அதற்கு வாந்தியைத்தான் பார்க்க வேண்டும் என்று என் பாடப்புத்தகத்தின் ஒரு மூலையில் நாலே வரியில் எழுதியிருந்தது. அந்த நாலு வரியைப் படித்துத்தான் நான் மதிப்பெண் வாங்கியிருந்தேன். படித்தது எங்கே போய்த் தொலைந்ததோ, எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் முட்டை இல்லை என்பது மட்டும். சீட்டில் 'புழு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவருக்குச் சத்தமாகப் படித்தும் காட்டினேன். வரிசையில் ஒரு ஆள், மண்புழுவுக்குத் தனியா மாத்திரை உண்டா சார் என்று எகத்தாளமாகக் கேட்டான். மறுபடியும் சிரிப்பு. கொடிக்கால்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார், வேறு என்ன செய்வார்.

"அப்ப என் கண்ணுதான் தப்பாத் தெரிஞ்சிருக்கும் சார்," என்றார். "வாரேன்."

இதன் பிறகும் அந்த மனிதர் என்மேல் நம்பிக்கை இழக்கவில்லை என்பதுதான் கொடுமை. ஒரு வாரம் கழித்து, ஒரு எருமைக்கு ஊசி போட அந்தப் பக்கம் பைக்கில் போனவனை வழிமறித்தார். கொடிக்காலுக்குள் ஒரு எட்டு வந்து பாருங்கள், செவலை பகலெல்லாம் அங்கேதான் சுற்றுகிறது, என்ன தின்கிறது என்று நீங்களே பார்த்தால் தெரியும் என்றார். பைக்கை நிறுத்தி இறங்கி வேலிப் படல் வரைக்கும் போனேன். படலுக்கு வெளியே செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. கொடிக்காலுக்குள் யாரும் செருப்புக் காலோடு போகக்கூடாது, அவர்களுக்கு அது கோயில் மாதிரி. அவர் என் ஷூவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். நாய் சுற்றுகிற ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு தோல் வழியே ஏறிவிடும், நீயும் செருப்புப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும் என்று அவருக்கே சுகாதாரப் பாடம் எடுத்தேன். புழுவே இல்லை என்று கையெழுத்துப் போட்ட நாயிடமிருந்து புழு எப்படி ஏறும் என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தெரியாதவர் இல்லை. டாக்டரை மடக்கக்கூடாது என்ற மரியாதை.

படலுக்கு வெளியிலேயே நின்று அவர் சொல்வதைக் கேட்டேன். உள்ளே அகத்தி நிழலில் ஈரம் காயாமல் இருக்கும், சருகைக் கிளறினால் சில்வண்டும் கருவண்டுமாக ஓடும், செவலை அத்தனையையும் லபக் லபக்கென்று முழுங்கும் என்றார். நோயின் காரணத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பேராசிரியரும் சொல்ல முடியாது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாயைக் கட்டிப் போடச் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். ஒரு ஷூவைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்? லேஸ் அவிழ்க்கும் நேரம்தானே. எனக்குச் சாக்ஸில் ஓட்டை இருந்தது என்பதும் ஒரு காரணம். இத்தனை வருடம் கழித்தும் இதை எழுதக் கை கூசுகிறது.

மேலும் இரண்டு மாதம் செவலை இழுத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. நடுவில் ஒரு தடவை கொண்டுவந்தார், ஒரு டானிக் எழுதினேன். பிறகு ஒரு காலை, நான் வந்து உட்காரும் முன்பே அவர் மருந்தக வாசலில் நின்றிருந்தார். தோளில் சாக்கு மூட்டை. அதை இறக்கி வைத்து, வாய்ப்பக்கத்தை மட்டும் லேசாகத் திறந்து காட்டினார்.

"அறுத்துப் பாருங்க சார். முந்தாநாள் கொடிக்காலுக்குத் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்து அடிச்சேன். வாளியில கொஞ்சம் மிச்சம் கெடந்துச்சு. அத நக்கித்தான் செத்துருச்சுங்குறா வீட்ல. நீதான் கொன்னுட்டேன்னு நேத்துலேருந்து அழுகுறா. எனக்கு அது ஒண்ணு மட்டும் தெரியணும் சார்."

கட்டடத்துக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அறுத்தேன். எங்கள் மருந்தக உதவியாளர், ஓய்வு பெறப்போகிற வயதுக்காரர், தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். கொடிக்கால்காரரால் பார்க்க முடியவில்லை. சுற்றுச்சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். இரைப்பையைத் திறந்தேன். உள்சுவரில் தலையைப் புதைத்துக்கொண்டு புழுக்கள், இருபதுக்குக் குறையாது. ஒன்றைப் பிடித்து இழுத்தால் அந்த இடத்தில் குழியாக இரத்தம் கசிந்தது. பழைய புண்கள், புதுப் புண்கள். துத்தத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. புத்தகத்தின் அந்த மூலை, அந்த நாலு வரி, பக்க எண்ணோடு அப்போது ஞாபகத்துக்கு வந்தது. இத்தனை நாள் எங்கே போயிருந்தாயடா பாவி என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

உதவியாளர் புழுக்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முன்வாசலில் ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள், பேச்சுச் சத்தம் கேட்டது. 'புழு இல்லை' என்ற சீட்டு என் கையெழுத்தோடு கொடிக்கால்காரர் வீட்டில் எங்கேயோ இருக்கிறது. இந்தப் புழுவை ஒரு மனிதர் உயிரோடு என் கையில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதை வாளியில் போட்டதை ஊரே பார்த்துச் சிரித்திருக்கிறது. இதெல்லாம் ஒரு நொடிக்குள் மனதில் ஓடியது. வயிற்றை மூடித் தையல் போடத் தொடங்கினேன்.

"மருந்தா சார்?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஆமா. மருந்துதான்," என்றேன்.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.  அப்புறம் திரும்பி வந்து, தையல் போட்ட வயிற்றில் கை படாமல் நாயைச் சாக்குக்குள் பதவிசாக வைத்து, மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். சரி சார், வாரேன் என்று என்றும்போலச் சொல்லிவிட்டுப் போனார். உதவியாளர் என் கையில் சோப்பைக் கொடுத்துத் தண்ணீர் ஊற்றினார். "அந்தப் பொம்பள வீட்ல அழுதுக்கிட்டு இருக்கும் சார்," என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து நான் மாற்றலாகிப் போகும்வரை அவர் என்னோடு டீக்குடிக்க வரவில்லை. யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. காட்டிக்கொடுத்திருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

அந்தத் தட்டிலிருந்து ஐந்து புழுக்களை எடுத்துப் புட்டியில் போட்டு வைத்தேன். ஏன் வைத்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை. ஒட்டுண்ணி கிடைத்தால் பாட்டிலில் போடுவது கல்லூரிப் பழக்கம். பிறகு நாலு ஊர் மாறினேன், வேலையை விட்டேன், மதுரைக்கு வந்து கிளினிக் வைத்தேன், புட்டியும் கூடவே வந்தது. மதுரையில் நாய் வாந்தி எடுத்தால் அந்த டாக்டரிடம் போ, பார்த்ததும் சொல்லிவிடுவார் என்று ஒரு பேர் எனக்கு உண்டு. உண்மைதான். அந்த நாய்க்குப் பிறகு நான் ஒரு வாந்தியைக்கூடப் பார்க்காமல் விட்டதில்லை. உப்புக் கரைசலை நம்பி இருந்ததும் இல்லை. வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கருவி வாங்கியிருக்கிறேன். ஒரு தடவை மருந்து கொடுத்துவிட்டு அனுப்பிவிடாமல், பதினைந்து நாள் கழித்து வரச்சொல்லி மறுபடி கொடுக்கிறேன். இத்தனை நாய்கள் பிழைத்திருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்கிறவர் முகத்தைப் பார்க்காமல் புட்டியைத் துடைத்து வைத்துவிடுவேன்.

போன மாதம் ஒரு மத்தியானம் கொடிக்கால்காரர் வந்தார். எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது, தலை முழுக்க நரைத்திருந்தபோதும். மகளுக்குக் கல்யாணம். மதுரையில் பத்திரிகை வைக்க வேண்டிய வீடுகளைச் சுற்றி வந்தவர், யாரிடமோ என் கிளினிக்கை விசாரித்துத் தேடி வந்திருந்தார். மாட்டாஸ்பத்திரியில் இருந்தவரைக்கும் நம்ம நாய்க்காக அம்புட்டுப் பாடுபட்டீங்களே சார் என்றார். சொல்லிக்கொண்டே மஞ்சள் பையிலிருந்து பத்திரிகையை எடுத்து, மேலே தன் கொடிக்காலில் கிள்ளிய வெற்றிலையும் பாக்கும் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். அதே கை. விரல்நுனி இன்னும் கறுத்திருந்தது. நான் எழுந்து நின்று வாங்கினேன். உட்காருங்கண்ணே என்றேன். முதல் தடவையாக அவரை அண்ணே என்று கூப்பிட்டேன்.

என்ன பேசுவது என்று தெரியாமல், இப்போது வீட்டில் நாய் உண்டா என்று கேட்டு வைத்தேன்.

"இல்ல சார். செவலைக்குப் பொறகு வீட்ல அவ ஒத்துக்கிடல. நானும் அன்னைக்கோட மருந்தடிக்கிற பம்பத் தொடல. ஆளு வச்சுத்தான் அடிக்கிறது. இப்பவும் எதாச்சும் சண்டை வந்தா, வாயில்லாச் சீவனைக் கொன்னவன்தானேன்னுவா." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பழகிப்போன ஒன்றைச் சொல்வதுபோல.

அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் மேசை ஓரத்துக்குப் போயிற்று. புட்டியை எடுத்தார். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். சரித்து, நிமிர்த்தி, மறுபடி சரித்துப் பார்த்தார். வெளியே ஒரு கண்டக்டர் திண்டுக்கல், திண்டுக்கல் என்று கத்திக்கொண்டிருந்தார்.

"இதத்தானே சார் நான் வெத்தலைல வச்சுக் கொண்டாந்தேன்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதே ஜாதிப் புழு, வேறு நாயுடையது என்றால் நம்பியிருப்பார். என்ன சொன்னாலும் நம்புகிறவர்தானே. நாக்கு நுனி வரை அது வந்தது. என்னைப் பற்றி எனக்கே அருவருப்பாக இருந்தது. இது செவலை வயிற்றிலிருந்து அன்று எடுத்தது, மருந்து குடித்துச் சாகவில்லை, உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை, தெரிந்தே பொய் சொன்னேன் என்று நின்றபடியே சொல்லி முடித்தேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பத்திரிகையில் இருந்த வெற்றிலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் புட்டியை மேசையில் இறக்கி வைத்தார். பிறகு கேட்டார். "அன்னைக்கே தெரிஞ்சிருந்தா பொழைச்சிருக்குமா சார்?"

"பொழைச்சிருக்கும்ணே."

"என்ன செஞ்சிருக்கணும்?"

"அஞ்சு நாள் மருந்து. பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடி ஒருக்கா. வண்டு திங்காமப் பாத்துக்கிடணும்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்து, புட்டியை அதில் வைத்து, மூலைகளை மடித்து முடிச்சுப் போட்டார். அன்று வெற்றிலையை மடித்திருந்ததும் இப்படித்தான் இருந்திருக்கும், நிதானமாக, ஒன்றும் சிந்திவிடாமல்.

"இத நான் கொண்டுபோறேன் சார். வீட்ல காட்டணும்."

மூடியைத் திறந்துவிடாதீர்கள், உள்ளே இருக்கிற தண்ணீர் கண்ணுக்கு ஆகாது என்றேன். சரி என்று தலையாட்டினார். அவருக்கு நான் வேளையோடு சொன்ன சரியான வைத்திய வார்த்தை அது ஒன்றுதான்.

கல்யாணம் முடிந்துவிட்டது. கிளம்பிச் சோழவந்தான் வரைக்கும் போனேன். மண்டபத்து வாசலில் அவர் மனைவி நின்று வரவேற்பார் என்ற நினைப்பு வந்ததும் அங்கேயே பஸ் மாறித் திரும்பிவிட்டேன். வெற்றிலை காய்ந்து பத்திரிகையோடு ஒட்டிக்கொண்டு டிராயரில் கிடக்கிறது. இன்று காலை பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு ஒரு டீச்சர் வந்தார், நாலு நாளாக வாந்தியாம். முன்பு ஒரு தடவை வந்தவர் போல. மேசையைப் பார்த்துவிட்டு, இங்கே ஒரு புழு பாட்டில் இருக்குமே சார் என்று கேட்டார். அதற்கு உரியவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். புழுவையா என்று சிரித்தார். ஆமாம் என்று சொல்லி, அந்த வட்டத் தடத்தின் மேலேயே சீட்டை வைத்து எழுத ஆரம்பித்தேன்.